பீரோ வரும், பெட்டி போகும்

எங்கள் வீட்டில் பொருள் வைக்கிற இடங்களுக்குப் பல பெயர்கள் இருந்தன. வெளியாட்களுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தோன்றும். ஆனால் ஒன்றின் பெயரை இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சுவரில் பதித்த சிமெண்ட் பலகைக்கு ஷெல்ஃப் என்று பெயர். சீப்பு, பவுடர் டப்பா, ரேடியோ, என் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் அதில் கிடக்கும். சுவருக்குள்ளேயே குழி விட்டு இரண்டு மரக்கதவு போட்டிருந்தால் அது அலமாரி. அதற்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. மரக்காணத்துக் காற்றில் மரம் ஊதிப்போய், ஒரு கதவைச் சாத்தினால் மற்றது திறந்துகொள்ளும். இருந்தாலும் கதவு இருக்கிறதே என்று அதற்கு ஒரு மரியாதை கொடுத்து, விருந்தாளி வந்தால் எடுக்கிற எவர்சில்வர் டம்ளர்களை அதில் அடுக்கியிருப்பாள் அம்மா. பரண் என்பது உடைந்த சாமானின் கடைசி ஊர். அதற்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டிரங்குதான் பெட்டி. அது அம்மாவுடையது. அவள் வீட்டில் இல்லாதபோது அப்பாகூட அதைத் தொடமாட்டார். இவை எதிலும் இடம் கிடைக்காத துணிமணி, பின்கட்டில் கட்டிய கொடியில் தொங்கும்.

பீரோ மட்டும் எங்களிடம் இல்லை. எங்கள் தெருவில் பீரோவை யாரும் கடைக்குப் போய்த் தமக்காக வாங்கிவர மாட்டார்கள். அது பெண்ணோடு சீராக வரவேண்டிய பொருள். தானாக வாங்கி இறக்கினால், "இன்னாப்பா, யாருக்குக் கல்யாணம்?" என்று தெருவே கேட்கும். அதேபோல ஒரு மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் எதுவும் கேட்க வேண்டியதே இல்லை. பீரோ வந்தால் மருமகள் வந்தாள், பெட்டி போனால் மருமகள் போனாள், அவ்வளவுதான் அகராதி.

எங்கள் வீட்டு பீரோ என் அண்ணியோடு வந்தது. அதில் அவளுக்கென்று ஒரு தட்டாவது கிடைத்ததா என்கிற ஒரே கேள்விதான் இத்தனை வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அண்ணிக்கு செஞ்சிப் பக்கம் ஊர். பாறையும் கடலைக்காடுமான இடம். அங்கே இரும்புக் கேட்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தால் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை தாங்கும். வைகாசியில் கல்யாணம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மினி லாரியில் பீரோ வந்து இறங்கியது. உப்பளத்தில் வேலை முடிந்து, காலெல்லாம் வெள்ளையாகக் காய்ந்துபோய்த் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். சாம்பல் நிறம், ஆள் உயரம், ஒரு கதவில் கண்ணாடி. மேலே பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்ததால் கண்ணாடியில் எல்லோருடைய முகமும் மசமசவென்று தெரிந்தது. அதற்கே ஒருத்தி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அப்போது பதினாறு வயசு. கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு பீரோவைத்தான் நான் முதலில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அண்ணன் ரூமில் வைக்கலாம் என்றார் அப்பா. அம்மா சம்மதிக்கவில்லை.

"ரூம்ல வெச்சா யாருக்குத் தெரியும்? ஹால்ல, கதவத் திறந்தா நேரா தெரியற மாதிரி வைங்க."

நான்கு காலுக்கும் செங்கல் கொடுத்து ஹாலில் நிறுத்தினார்கள். கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் அண்ணி பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கை வைத்தாள். அம்மா ஓடிவந்து தடுத்தாள்.

"ஐயையோ, எடுக்காதம்மா. உங்க ஊரு காத்து வேற, எங்க ஊரு காத்து வேற. இங்க இரும்ப அப்டியே வுட்டா ஆடிக்குள்ள அரிச்சிடும்."

அது உண்மைதான். எங்கள் ஊரில் சைக்கிள், ஜன்னல் கம்பி, கிணற்று ராட்டினம் எதுவானாலும் இரும்பு என்றால் நோயாளியைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைதோறும் எங்களுக்குத் தலைக்கு நல்லெண்ணெய், பீரோ காலுக்கு மண்ணெண்ணெய்த் துணி. பீரோவுக்குத்தான் முதலில். நாங்கள் எண்ணெய் வழிய வெயிலில் உட்கார்ந்திருப்போம், அம்மா குனிந்து பீரோவின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "மருமவ கால்லகூட இப்டி விழமாட்ட" என்பார் அப்பா.

அண்ணி உறையைப் பிரிக்கப்போன அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. புது வீட்டுக்கு முதலில் உப்பும் மஞ்சளும் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். உப்பளத்தில் கூலி வேலை பார்த்த என் அம்மா அதை ஒருபடி மேலே கொண்டுபோனாள். அந்த வருஷம் பாத்தியில் முதலில் வாரிய உப்பில் ஒரு கைப்பிடியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். கடை உப்பு போல இல்லாமல் கல் கல்லாக, பளிச்சென்று இருக்கும். அந்த முடிச்சை பீரோவின் லாக்கருக்குள், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள். மகாலட்சுமியாம். அடுத்த வருஷம் புது முடிச்சு வைத்தாள். பழையதை எடுக்கவில்லை. மகாலட்சுமியை யாராவது வெளியே தூக்கிப் போடுவார்களா?

காற்றில் இருக்கிற உப்பு பீரோவை அரிக்கும் என்று பிளாஸ்டிக் உறை போட்டுக் காத்தவள், உப்பையே உள்ளே வைத்துப் பூட்டினாள். எங்களில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அளத்து உப்பு எங்களுக்குச் சோறு போட்டது. அது கெடுதல் செய்யும் என்று யார் நினைப்பார்கள்?

உப்புக்குப் பின்னால் மற்றவை வந்தன. முதலில் வீட்டுப் பட்டா. "பூட்டு இருக்கிற இடம் அது ஒண்ணுதான்" என்று அப்பா சொன்னார், நியாயமாகத்தான் இருந்தது. அப்புறம் அண்ணனின் லாரி டிரைவர் லைசென்ஸ், ரேஷன் கார்டு, அப்பாவின் கைக்கடிகாரம், அம்மாவின் ஒரே பட்டுப்புடவை. பத்தாம் வகுப்பு பாஸானதும் என் மார்க் ஷீட் ஒரு தட்டின் மூலையைப் பிடித்தது. பிறகு என் கல்யாணத்துக்கென்று சேர்த்த பாத்திரங்கள் அந்தத் தட்டை முழுசாக எடுத்துக்கொண்டன. எலி கடித்துவிடும் என்று கம்பளி, ஊர்த் திருவிழாவில் வாங்கிய பொம்மை, அண்ணன் எங்கேயோ பரிசாக வாங்கிய கோப்பை. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான்.

சாவி மட்டும் அண்ணியிடம். வழக்கப்படி அது பெண்ணுடைய சாவி, அதில் அம்மா நேர்மையானவள். இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணி நாள் முழுக்க எங்களுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அண்ணி, மார்க் ஷீட்டு." "ஏம்மா, அந்தப் பட்டா." "ஏய், லைசென்ஸ் எடு, போலீஸு நிக்கறானாம்." அப்பா அவளுக்கு பேங்க் மேனேஜர் என்று பெயர் வைத்தார். அண்ணியும் சிரிப்பாள். மேனேஜருக்கு அந்த பேங்கில் கணக்கே கிடையாது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கும்.

அவள் புடவைகள் கொடியில்தான் தொங்கின. மடித்து வைக்கவேண்டியவற்றை ஜவுளிக்கடைக் கட்டைப் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். கடல் காற்று நேராக அடிக்கிற பின்கட்டு அது. காலையில் எடுத்துக் கட்டும்போது புடவை பிசுபிசுவென்று இருக்கும். செஞ்சியிலிருந்து வந்தவளுக்கு அந்தப் பிசுபிசுப்பு பிடிக்கவே இல்லை. குளித்துவிட்டுப் புடவையை உதறி உதறிக் கட்டுவாள். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அந்த வீட்டுக் காலை நேரம் என்றாலே எனக்குக் கேட்பது அதுதான். ரேடியோ அதற்கப்புறம்தான்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அண்ணன் மறுநாள் திண்டிவனத்துக்கு லோடு ஏற்றிப் போகவேண்டும். குழம்பு ஊற்றிக்கொண்டே அண்ணி சாதாரணமாகச் சொன்னாள்.

"வரும்போது எனக்கு ஒரு பெட்டி வாங்கினு வாங்க. சின்னதா இருந்தா போதும்."

அம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. "பீரோவே இருக்குது. இன்னாத்துக்குப் பெட்டி?" என்றான். "சும்மாதான்" என்று அண்ணி உள்ளே போய்விட்டாள். ஆனால் அம்மாவுக்கு அன்று தூக்கம் போய்விட்டது. எங்கள் தெருவில் பெட்டி கேட்கிற மருமகள் எதற்குக் கேட்பாள் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியுமே. விடியற்காலையில் வாசல் தெளிக்கப்போன என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கிட்ட இன்னாவாவது சொன்னாளா? அவனோட சண்டையா? நான் ஏதாவது சொல்லிட்டனா?"

"ஒண்ணுமில்லம்மா. துணி வைக்கக் கேட்டிருப்பாங்க."

"துணி வைக்கவா? பீரோ கொண்டுகினு வந்தவளுக்குத் துணி வைக்க எடமா இல்ல?" என்றாள் அம்மா. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அம்மாவிடம் வஞ்சகம் கிடையாது. மனசுக்குள் அது அண்ணியின் பீரோ, அண்ணிக்கு அது போதும், அவ்வளவுதான். கதவைத் திறந்து உள்ளே யாருடைய பொருள் இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் லாரி ஏறும் முன் அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பெட்டி மட்டும் வாங்கினு வந்துடாதடா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பெட்டிக்குப் பதில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தான். அன்றிலிருந்து ரொம்ப நாளைக்கு அண்ணியின் தட்டில்தான் மீனின் நடுத்துண்டு விழுந்தது. தலையை எனக்குத் தள்ளிவிட்டாள் அம்மா. அளத்துக்குப் போகிற வழியில் பூ வாங்கினால் முதல் முழம் அண்ணிக்கு. போய்விடுவாளோ என்று பயந்து பயந்து அன்பு காட்டினாள். அண்ணி ஒரு பெட்டி கேட்டதற்கு, பெட்டியைத் தவிர எல்லாம் கொடுத்தோம்.

அவள் மறுபடி கேட்கவில்லை.

என்னை பொம்மையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். என்னோடும் ஒரு பீரோ போனது. நான் விவரமாக இருந்தேன். வண்டியிலிருந்து இறக்கி நிறுத்திய கையோடு, மாமியார் ஆரத்தித் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், நான்கு தட்டிலும் என் பாவாடை, ரவிக்கை, பழைய தாவணிவரை பரப்பிவிட்டேன். மாமியார் கையில் ஏதோ பத்திரத்தோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, எவ்ளோ துணிம்மா உனக்கு" என்று திரும்பிப் போனார். அந்தச் சாமர்த்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

என் கணவருக்கு புதுச்சேரியில் தையல் கடை. அங்கே பிரான்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் கால்சட்டை தைக்க வருவார். ஒருமுறை நான் கடைக்குப் போயிருந்தபோது அவர்தான் சொன்னார், பீரோ என்பதே பிரெஞ்சு வார்த்தைதான், அந்த நாட்டில் எழுதுகிற மேசைக்கும் ஆபீசுக்கும்தான் அந்தப் பெயர் என்று. எனக்குச் சிரிப்பாக வந்தது. மேசையா? திறந்த மேசை எப்படி பீரோவாகும்? கப்பலேறி வந்த வார்த்தை எங்கள் கரையில் இறங்கியதும் இரண்டு கதவு போட்டுக்கொண்டு பூட்டிக்கொண்டது போலிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அண்ணியை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அது ஆபீஸ்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை திறந்து மூடுவாள், சொந்தமாக ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

அப்பா போய்விட்டார். அண்ணன் மகன் படித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டை எடுத்துக் கட்டினார்கள். புது ரூமில் சுவர் முழுக்க கப்போர்டு. இது இப்போது வந்திருக்கிற வார்த்தை. பீரோபோல் பெண்ணோடு வருவதில்லை, பெட்டிபோல் எங்கேயும் போவதுமில்லை. வீட்டோடு ஒட்டிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் எந்தக் கதவை வேண்டுமானாலும் திறக்கலாம். போன மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் எனக்கு போன் செய்தான்.

"பீரோ அடித்தட்டு இத்துப்போச்சு. காயலான் கடைக்காரன வரச்சொல்லியிருக்கேன். உன்னுது ஏதோ உள்ள கிடக்குது, வந்து எடுத்துக்க."

போனேன். மூன்று சக்கர வண்டியோடு பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் நின்றிருந்தார். முட்டி வலியால் அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணி சாவியைப் போட்டுத் திறந்தாள். பிளாஸ்டிக் உறை எப்போதோ மஞ்சளாகி நொறுங்கிப்போய்விட்டது. அதற்கு உள்ளே ஈரம் தங்கித் தங்கித் தகரம் பொரிப்பொரியாக உப்பியிருந்தது. ஆனாலும் சேதம் அங்கே ஆரம்பிக்கவில்லை. லாக்கரைத் திறந்ததும் தெரிந்தது. வருஷ வருஷமாக வைத்த முடிச்சுகள் மழைக்காலத்தில் இளகி, வெயிலில் இறுகி, மறுபடி இளகி, செம்பழுப்பு நிறத்தில் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. லாக்கரின் அடியில் கை நுழைகிற அளவு ஓட்டை. அதிலிருந்து ஒழுகிய தண்ணீர் கீழ்த்தட்டு வரைக்கும் கோடு போட்டிருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பீரோ நன்றாகவே நினைத்திருந்தது.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"நான் வெச்ச உப்பா?"

அண்ணன் தரையில் பாயை விரித்தான். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். பட்டாவை அண்ணன் எடுத்துக்கொண்டான். அப்பாவின் கடிகாரத்தையும் அவனே எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். லைசென்ஸ், கோப்பை அவனுடையவை. பட்டுப்புடவை அம்மாவின் மடிக்குப் போனது. கம்பளியை வீட்டுக்குப் பொது என்று ஓரமாக வைத்தார்கள். அண்ணன் மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை சென்னைக்கு அனுப்பக் கட்டினார்கள். ஓரம் துருப்பிடித்த என் மார்க் ஷீட்டையும், நான் கொண்டுபோக மறந்த ஒரு பித்தளைக் கிண்ணத்தையும் நான் எடுத்துக்கொண்டேன்.

பாய் காலியாகிவிட்டது. அண்ணி சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா பாயைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"உன்னுது எங்கடி?"

"பீரோதான் அத்த என்னுது" என்றாள் அண்ணி.

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வாசலில் நின்றவர், "சார், ஏத்திடலாமா?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா கத்தினாள்.

"டேய், அந்தாள போகச் சொல்லு!"

"அடி இத்துப்போச்சும்மா."

"மேல நல்லாதான இருக்குது? போகச் சொல்லு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அம்மா என்னைப் பார்த்து, பின்கட்டுக் கொடியில் கிடப்பதையெல்லாம் எடுத்துவரச் சொன்னாள். கப்போர்டு வந்த பிறகும் அண்ணி துணி கொடியில்தான் இருந்தது. பழகிவிட்டதாம். நான் அள்ளிக்கொண்டு வந்து போட்டேன். அம்மா காலை நீட்டியபடியே ஒவ்வொரு புடவையாக முழங்காலில் தட்டி மடித்தாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவில்லை. மடித்ததை நான் வாங்கி அண்ணியிடம் நீட்டினேன்.

"எந்தத் தட்டுல வைக்கட்டும் அத்த?"

"அத ஏண்டி என்னக் கேக்கற?" என்றாள் அம்மா.

அண்ணி மேல்தட்டில் அடுக்கினாள். இருந்ததெல்லாம் அந்த ஒரு தட்டுக்கே போதுமானதாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு தட்டுகள் துடைத்துவிட்டபடி காலியாகக் கிடந்தன. அண்ணன் கையில் லைசென்ஸோடு வந்து, அவற்றில் ஒன்றைக் காட்டி, "இத இங்கயே வெச்சிடவா?" என்று கேட்டான்.

"கப்போர்டுல வைங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி பீரோவைப் பூட்டினாள்.